மைனஸ் 30-இல் 400 வாட் என்ன செய்யும்? பிளாக் ஹீட்டர் ஒரு மதிப்புரை

கனடாவின் சமவெளி நகரங்களான வின்னிபெக், சாஸ்கட்டூன், எட்மன்டன் பக்கம் பழைய கார் பார்க்கப் போனால், முன் கிரில்லின் இடுக்கிலிருந்து மூன்று முள் பிளக் ஒன்று எட்டிப் பார்க்கும். புதிதாகக் கனடா வந்தவர்கள் அதை மின்சாரக் காரின் சார்ஜர் என்று நினைத்துவிடுவதுண்டு. அது பிளாக் ஹீட்டரின் வால். ஊரில் பக்கெட் தண்ணீரில் போடுகிற ஹீட்டர் ராடு எல்லோருக்கும் தெரியும். அதே தத்துவம்தான் இதுவும். பக்கெட்டுக்குப் பதில், எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீரான கூலன்ட்டுக்குள் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும்.

இங்கே எடைபோடுவது 1.5 முதல் 2.5 லிட்டர் வரையுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்களுக்கு வழக்கமாகப் பொருத்தும் 400 வாட், 120 வோல்ட் ஹீட்டரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மைனஸ் 20-க்குக் கீழே அடிக்கடி இறங்கும் ஊரில், வெளியே நிறுத்துகிற காருக்கு, இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் பாகம் வேறில்லை. ஆனால் ஹீட்டரை மட்டும் வாங்கினால் போதாது. டைமரும் குளிருக்கேற்ற வயரும் கூடவே வந்தால்தான் பலன் முழுதாகக் கிடைக்கும். "ஹீட்டர் வேலை செய்யவில்லை" என்று கராஜுக்கு வருகிற வண்டிகளில் பெரும்பாலும் சூடாகும் பகுதியான எலிமெண்ட் நன்றாகவே இருக்கும், வயர்தான் போயிருக்கும்.

குளிரில் எஞ்சினுக்கு என்ன ஆகிறது

மூன்று சங்கடங்கள் ஒரே நேரத்தில் வருகின்றன. முதலாவது ஆயில். 5டபிள்யூ-30 என்பதில் உள்ள டபிள்யூ குளிர்காலத்தைக் குறிப்பது. ஆயில் தர விதிப்படி 0டபிள்யூ மைனஸ் 35-இலும், 5டபிள்யூ மைனஸ் 30-இலும், 10டபிள்யூ மைனஸ் 25-இலும் செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுழற்ற முடிகிற அளவுக்கு இளகியிருக்க வேண்டும். ஆயில் பம்ப் உறிஞ்ச முடிகிற எல்லை அதிலிருந்து இன்னும் 5 டிகிரி கீழே. இந்த எல்லைக்குப் பக்கத்தில் போகப் போக ஆயில் முற்றிய வெல்லப்பாகு மாதிரி ஆகிவிடும். எஞ்சின் ஓடத் தொடங்கினாலும் மேலே கேம் ஷாஃப்ட் வரை ஆயில் போய்ச் சேர நேரம் எடுக்கும். தேய்மானம் நடப்பது அந்த இடைவெளியில்தான்.

இரண்டாவது பேட்டரி. அதன் மேல் அச்சிட்டிருக்கும் குளிர் ஸ்டார்ட் ஆம்பியர் எண், மைனஸ் 18 டிகிரியில் 30 வினாடி வரை 7.2 வோல்ட்டுக்குக் குறையாமல் தரக்கூடிய மின்னோட்டம். கோடையில் இருந்த பலத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் அந்தக் குளிரிலேயே போய்விடும். எஞ்சின் கெட்டியான ஆயிலோடு மல்லுக்கட்டி அதிக ஆம்பியர் கேட்கிற நேரத்தில், பேட்டரி கொடுக்கும் ஆம்பியர் குறைந்திருக்கிறது. முழுக்க இறங்கிய பேட்டரி மைனஸ் 10-ஐத் தொடுவதற்குள்ளேயே உறையத் தொடங்கும். உறைந்த பேட்டரிக்கு வேறு காரிலிருந்து ஜம்ப் வயர் போடவே கூடாது, வெடிக்கலாம். பக்கவாட்டில் உப்பியிருந்தால் சார்ஜ் செய்யப் பார்க்காமல் கழற்றிக் கொடுத்துவிடுவதே சரி.

மூன்றாவது பெட்ரோல். குளிர்ந்த உலோகத்தில் பெட்ரோல் ஆவியாகாமல் துளியாகவே ஒட்டும். கூலன்ட் வெப்பநிலை சென்சார் குளிர் என்று சொன்னதும் காரின் கணினி பெட்ரோலைக் கூட்டி ஊற்றுகிறது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே ஆயில் தொட்டியான சம்ப்புக்குப் போகிறது. தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் இப்படிச் சேர்ந்த பெட்ரோல் ஆவியாக வழியே இல்லை. ஆயில் அளக்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போனால், எடுத்து முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடிக்கும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் சிறிய டர்போ எஞ்சின்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல்.

வானிலை அறிக்கையில் காற்றோடு சேர்த்துச் சொல்லும் "உணரும் குளிர்" எண்ணை வைத்து ஹீட்டரைப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர்கள் நிறைய. அந்த எண் மனிதத் தோலுக்கானது. காற்றடித்தால் எஞ்சின் சீக்கிரம் ஆறும், அவ்வளவுதான். வெளிக்காற்றின் வெப்பநிலைக்குக் கீழே அது போகாது. மைனஸ் 22 டிகிரியை மைனஸ் 35 போல உணர்கிறோம் என்றால், எஞ்சினைப் பொறுத்தவரை அது மைனஸ் 22 தான்.

400 வாட் போதுமா

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுமார் 100 கிலோ அலுமினிய எஞ்சினையும் 7 லிட்டர் கூலன்ட்டையும் சேர்த்து ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 115 கிலோ ஜூல் வேண்டும். 400 வாட் ஹீட்டர் இரண்டு மணி நேரத்தில் தருவது 2,880 கிலோ ஜூல். ஒரு துளி வெப்பமும் வீணாகாமல் இருந்தால் 25 டிகிரி ஏற வேண்டும். எஞ்சின் சூடாக ஆக அதைச் சுற்றியுள்ள குளிர்காற்று வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால், நடைமுறையில் 15 முதல் 20 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 25-இல் கிடக்கும் எஞ்சின் மைனஸ் 10-க்கும் மைனஸ் 5-க்கும் நடுவே வந்துவிடும். அந்த வித்தியாசம் பெரியது. 5டபிள்யூ ஆயில் தன் எல்லையிலிருந்து வெகுதூரம் விலகிவிடுகிறது, சென்சார் காட்டும் எண் உயர்வதால் கணினி ஊற்றும் பெட்ரோல் குறைகிறது, கேபினுக்குள் சூடான காற்றும் சில நிமிடம் முன்னதாகவே வருகிறது.

மூன்று, நான்கு மணி நேரத்துக்குப் பிறகு உள்ளே போகிற வெப்பமும் வெளியேறுகிற வெப்பமும் சமமாகி, ஏற்றம் நின்றுவிடும். அதற்குமேல் எரிகிற மின்சாரம் முழுவதும் பார்க்கிங் இடத்தின் காற்றைச் சூடாக்கத்தான். கனடாவின் இயற்கை வளத் துறையும் ஸ்டார்ட் செய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பு போட்டால் போதும் என்கிறது. மைனஸ் 20-இல் ஹீட்டர் போட்டால் எரிபொருள் செலவு 10 சதவீதம் வரை குறையலாம் என்பதும் அதன் கணக்கு. மைனஸ் 30-க்குக் கீழே போனால் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இன்னும் பெரிய வாட் வாங்கினால் சீக்கிரம் சூடாகுமே என்று கேட்கலாம். சிறிய எஞ்சினின் கூலன்ட் பாதைக்குள் 1,000 வாட் எலிமெண்ட்டை நுழைத்தால், அதை ஒட்டிய கூலன்ட் அங்கேயே கொதித்துக் கெடும். பெரிய டீசல் பிக்கப்புகளுக்கு 750 முதல் 1,500 வாட் வரை பொருத்துவதற்குக் காரணம் அங்கே இரும்பும் கூலன்ட்டும் அதிகம் என்பதுதான். உங்கள் எஞ்சினுக்கென்று தயாரிப்பாளர் குறித்த பாகத்தை மீறிப் போக வேண்டாம்.

எல்லா "பிளாக் ஹீட்டரும்" ஒன்றல்ல

வார்ப்பட எஞ்சினின் பக்கவாட்டில் வட்டமான தகட்டு மூடிகள் இருக்கும். அவற்றில் ஒன்றைத் தட்டி எடுத்துவிட்டு அந்த ஓட்டைக்குள் பொருத்துவது முதல் வகை. எலிமெண்ட் நேரடியாகக் கூலன்ட்டில் முங்கியிருப்பதால் வெப்பம் நன்றாகப் பரவும். இரண்டாவது, கூலன்ட் வடிக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு மரையில் முறுக்குவது. ஹோண்டாக்களில் இதைப் பார்க்கலாம். வேலை சுலபம், பலனும் நன்று. மூன்றாவது, எஞ்சின் வார்ப்பிலேயே விட்டிருக்கும் குழிக்குள் வெப்பம் கடத்தும் கிரீஸ் தடவிச் செருகும் உலர் வகை. டொயோட்டாவின் சில நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் இப்படித்தான். கூலன்ட் வடிக்க வேண்டாம், கசிவு பயம் இல்லை. ஆனால் கிரீஸ் தடவாமலோ குறைவாகத் தடவியோ செருகினால் எலிமெண்ட்டுக்கும் உலோகத்துக்கும் நடுவில் காற்று நின்றுவிடும். வெப்பம் எஞ்சினுக்குள் போகாமல் எலிமெண்ட்டிலேயே தங்கி அதைக் கருக்கிவிடும். பொருத்துபவர் கிரீஸ் குழாயைத் திறந்தாரா என்று கவனிக்க வேண்டிய ஒரே இடம் இது.

இவை எதுவும் பொருந்தாத எஞ்சின்களுக்குச் சில மாற்று வழிகள் உண்டு. சம்ப்பின் அடியில் ஒட்டும் சிலிகோன் பட்டை 125 முதல் 250 வாட் வரை கிடைக்கும். ஆயிலை நேரடியாக இளக்கும் என்பது அதன் பலம். கூலன்ட்டும் சிலிண்டர் தலைப்பகுதியும் குளிர்ந்தே இருக்கும் என்பது குறை. ஒட்டுகிற இடத்தை ஆயில் வாடையே இல்லாதபடி கரைப்பான் போட்டுத் துடைத்து, லேசாக உப்புத்தாள் தேய்த்து, ஓரம் முழுக்க சிலிகோன் பசை இழுத்துவிட வேண்டும். அரைகுறையாக ஒட்டினால் ஓரம் தூக்கி, தூக்கிய இடம் கருகும். பிளாஸ்டிக் சம்ப் இருந்தால் இந்தப் பட்டையை நினைக்கவே வேண்டாம். காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் ஹீட்டர் அலுமினிய சம்ப்பில் ஒட்டாது. இன்றைய கார்களில் பலவற்றுக்கு அலுமினிய சம்ப்தான் என்பதால், கையில் ஒரு சாதாரணக் காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ரேடியேட்டரின் கீழ் ஹோஸை வெட்டி நடுவில் வைக்கும் ஹீட்டரும் உண்டு. வெந்நீர் மேலே ஏறும் இயல்பை மட்டுமே நம்பி வெப்பம் எஞ்சினுக்குப் போக வேண்டும் என்பதால், ஹோஸின் சாய்வு சரியாக அமையாவிட்டால் ஹோஸ் மட்டும் சுடும், எஞ்சின் குளிர்ந்தே கிடக்கும். கடைசிப் புகலிடமாகவே அதைக் கருத வேண்டும்.

நார்வேயில் உள்ள தமிழர்களுக்கு டெஃபா என்ற பெயர் பழக்கமாயிருக்கும். 230 வோல்ட்டில் ஓடும் அந்த அமைப்பில் எஞ்சின் ஹீட்டர், பேட்டரி சார்ஜர், கேபினுக்கான சிறு விசிறி ஹீட்டர் மூன்றும் ஒரே பிளக்கில் இணைந்துவிடும். வட அமெரிக்காவில் இந்த மூன்றையும் தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பதே வழக்கம்.

இந்தக் கருவி பிறந்த இடமும் இந்தச் சமவெளிதான். அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில், கிராண்ட் ஃபோர்க்ஸைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1940-களில் எஞ்சின் தலைப்பகுதியின் போல்ட் ஒன்றுக்குப் பதிலாக உள்ளே மின்கம்பி வைத்த போல்ட் ஒன்றை முறுக்கினார். 1949-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. வின்னிபெக்கிலிருந்து தெற்கே இரண்டரை மணி நேர ஓட்டத்தில் உள்ள ஊர் அது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

கூலியும் பாகமும் சேர்த்து 200 முதல் 500 கனடிய டாலர் வரை கேட்பார்கள். எஞ்சினில் அந்த ஓட்டை இருக்கும் இடத்தைப் பொறுத்துக் கூலி மாறும். காற்றை உள்ளே இழுக்கும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் செலவு ஏறும். கார் புதிதாக வாங்கும்போதே போட்டுக்கொள்வதுதான் மலிவு. ஏற்கெனவே கையில் இருக்கும் காரென்றால் முதலில் கிரில்லுக்குப் பின்னால் டார்ச் அடித்துத் தேடுங்கள். சில கார்களில் எலிமெண்ட் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்திருக்கும், வயர் மட்டும் இருக்காது. அப்படியானால் வயரை மட்டும் வாங்கிச் செருகினால் போதும்.

தகட்டு மூடி வகையைப் பொருத்தும் வரிசை இது. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். கூலன்ட்டை வடித்துச் சுத்தமான பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். மூடியின் ஒரு ஓரத்தில் பஞ்ச் வைத்துத் தட்டினால் அது குறுக்காகத் திரும்பும், குறடால் பிடித்து இழுத்துவிடலாம். நடுவில் அடித்தால் உள்ளே விழுந்துவிடும். ஓட்டையின் உட்சுவரை மெல்லிய உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துத் துடைக்க வேண்டும். ஒரு துணுக்குத் துரு மிச்சமிருந்தாலும் பிறகு ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தின் வழியே சொட்டும். ஓ-ரிங்கில் கூலன்ட்டையே தடவி நேராக உள்ளே தள்ளி, குறிப்பில் சொன்ன திசையில் எலிமெண்ட்டின் வளைவைத் திருப்பி வைக்க வேண்டும். வளைவு சிலிண்டர் சுவரில் முட்டினால் அந்த இடத்தில் கருகிப் போகும். பிறகு திருகை, குறிப்பில் கொடுத்த முறுக்கு அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நல்லது என்று நினைத்து இறுக்குபவர்கள் உள்ளே பிடித்திருக்கும் கொக்கியை உடைத்துவிடுகிறார்கள்.

கூலன்ட் நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழி முழுவதும் வெளியேறிய பிறகுதான் முதல் முறையாகக் கரண்டில் செருக வேண்டும். பக்கெட்டில் தண்ணீர் இல்லாமல் ஹீட்டர் ராடைப் போட்டால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் ஆகும், சில வினாடிகளில் புது எலிமெண்ட் போய்விடும். "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று கையில் வைத்துக்கொண்டு செருகிப் பார்ப்பதும் அதே கதிதான்.

நிரப்பும் கூலன்ட்டும் முக்கியம். எதிலீன் கிளைகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி என்றால் மைனஸ் 37 வரை உறையாது. 60-க்கு 40 என்றால் மைனஸ் 50-ஐத் தாண்டும். அப்படியானால் முழுக்கக் கிளைகாலே ஊற்றிவிடலாமே என்று தோன்றலாம். சுத்தக் கிளைகால் மைனஸ் 13-இலேயே உறைந்துவிடும். தண்ணீர் கலந்தால்தான் அது தாங்கும். கசிவை அடைக்க ஊற்றும் திரவங்களை ஹீட்டர் உள்ள எஞ்சினில் தவிர்த்துவிடுங்கள். அவை எலிமெண்ட்டின் மேல் படிந்து, வெப்பம் வெளியே போகவிடாமல் செய்துவிடும்.

வயர்தான் பலவீனமான இடம்

எலிமெண்ட் பத்து வருடம் தாங்கும். கிரில்லிலிருந்து தொங்கும் வயரோ சாலையில் தூவும் உப்பு, சேறு, பனி எல்லாவற்றையும் தினமும் வாங்கிக்கொள்கிறது. எலிமெண்ட்டில் வயர் செருகும் முனையில் உப்புத் தண்ணீர் இறங்கிப் பச்சையாகப் பூத்து, தொடுகை தளர்ந்து, அந்த இடமே சூடாகி உருகும். பொருத்தும்போது முனைக்குள் மின்காப்பு கிரீஸ் கொஞ்சம் வைத்துச் செருகினால் இதன் பெரும்பகுதியைத் தடுக்கலாம். வயரைச் சைலன்சர் மேனிஃபோல்டிலிருந்தும் ஃபேன், பெல்ட்டிலிருந்தும் விலக்கி ஜிப் டை போட்டுக் கட்ட வேண்டும். கட்டுகளுக்கு இடையே சிறிது தளர்வு விடுங்கள், ஏனென்றால் எஞ்சின் தன் ரப்பர் மவுண்ட்டில் அசையும். பிளக்கின் முனை வெளுத்தோ கறுத்தோ இளகியோ இருந்தால் அந்தக் குளிர்காலத்துக்கு அதை நம்ப வேண்டாம். கசிவு, தீ அபாயம் என்று ஹீட்டருக்காகவே கார்களைத் திரும்ப அழைத்த சந்தர்ப்பங்கள் உண்டு. காரின் தயாரிப்பாளர், மாடல், ஆண்டு மூன்றையும் வைத்துக் கனடா போக்குவரத்துத் துறையின் தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கும்போது மூன்று முள், வெளிப்புறப் பயன்பாட்டுக் குறி, சி.எஸ்.ஏ. போன்ற சான்று முத்திரை மூன்றும் இருக்கிறதா பாருங்கள். 400 வாட் என்பது 3.3 ஆம்பியர்தான், 16 கேஜ் வயரே தாங்கும். ஆனால் பேட்டரியைச் சூடாக்கும் போர்வையும் சார்ஜரும் பின்னால் சேரும் என்பதால், இன்னும் தடிமனான 14 கேஜ் வாங்குவது நல்லது. வீட்டுக்குள் பயன்படுத்தும் சாதாரணப் பிளாஸ்டிக் உறை மைனஸ் 25-இல் குச்சி போல விறைத்து, மடக்கினால் வெடிக்கும். மைனஸ் 40, மைனஸ் 50 வரை வளையும் என்று குறித்திருக்கும் ரப்பர் போன்ற உறை வேண்டும். சுருட்டி வைத்தபடியே பயன்படுத்தினால் சுருளின் நடுவில் சூடு சேரும், பிரித்துப் போடுங்கள். முதலில் காரில் செருகிவிட்டுக் கடைசியாகச் சுவரில் செருகுங்கள். கழற்றும்போது முதலில் சுவர், பிறகு கார். இதைப் பழக்கமாக்கினால் காரின் முனையில் பொறி தட்டிக் கருகுவது குறையும்.

சோதிக்கும் முறை எளிது. அமைதியான இடத்தில் செருகியதும் எஞ்சினுக்குள்ளிருந்து அடுப்பில் பால் காயத் தொடங்குவது போல மெல்லிய சீறல் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுத்து, காரின் பிளக்கில் உள்ள இரண்டு தட்டை முட்களுக்கு நடுவே மின்தடையை அளக்கலாம். 400 வாட்டுக்குச் சுமார் 36 ஓம், 600 வாட்டுக்கு 24, 750-க்கு 19, 1,000-க்கு 14 என்று காட்ட வேண்டும். எண்ணே வராமல் திறந்த சுற்று, அதாவது பாதை எங்கோ அறுந்திருக்கிறது, என்று காட்டினால் வயரை எலிமெண்ட்டிலிருந்து கழற்றி, எலிமெண்ட்டின் முனைகளிலேயே நேராக அளக்க வேண்டும். அங்கே 36 வந்தால் வயரை மாற்றினால் முடிந்தது. தட்டை முள்ளுக்கும் உருண்டை எர்த் முள்ளுக்கும் நடுவே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. காட்டினால் மின்கசிவு இருக்கிறது, செருகவே வேண்டாம். ஒரு விதிவிலக்கை நினைவில் வைக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்புகள் சிலவற்றின் வயரிலேயே ஒரு தெர்மோஸ்டாட் இருக்கும். மைனஸ் 18-க்கு மேலே அது கரண்டை உள்ளே விடாது. சூடான கராஜுக்குள் வைத்து அளந்து, நன்றாக இருக்கும் ஹீட்டரைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

டைமர், கட்டணம், அடுக்குமாடிப் பார்க்கிங்

400 வாட்டை இரண்டு மணி நேரம் போட்டால் 0.8 யூனிட். இரவு முழுக்கப் பத்து மணி நேரம் போட்டால் 4 யூனிட். யூனிட்டுக்கு 15 சென்ட் என்று வைத்தால் ஒரு நாளுக்கு 12 சென்ட்டா 60 சென்ட்டா என்பதுதான் வித்தியாசம். நூறு நாள் குளிர்காலத்தில் 48 டாலர். வெளிப்புறத்துக்கான 15 ஆம்பியர் டைமர் 20, 30 டாலருக்குக் கிடைக்கும், முதல் பருவத்திலேயே தன் விலையை மீட்டுவிடும். காலை 7 மணிக்குக் கிளம்புகிறவர் 4:30 அல்லது 5 மணிக்கு ஆன் ஆகும்படி வைக்கலாம்.

இந்தக் கணக்கு சொந்த வீட்டுச் சுவர் சாக்கெட்டுக்குத்தான் பொருந்தும். சமவெளி நகரங்களின் அலுவலக, அடுக்குமாடிப் பார்க்கிங்குகளில் கம்பத்துச் சாக்கெட்டுகளுக்குக் கரண்ட் விட்டு விட்டு வருவது உண்டு. 20 நிமிடம் ஒரு வரிசைக்கு, அடுத்த 20 நிமிடம் மறு வரிசைக்கு என்கிற மாதிரி. அங்கே சுழல் டைமரைப் போட்டால் கரண்ட் போகும்போதெல்லாம் அது நின்று நேரம் தவறிவிடும். அத்தகைய இடத்தில் நேராகவே செருகிவிடுங்கள். செருகிய நொடியில் கரண்ட் இல்லை என்று பயந்து கட்டிட நிர்வாகத்துக்குப் போன் போடுவதற்கு முன் அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்.

15 ஆம்பியர் பிரேக்கர் ஒன்று தொடர்ந்து தாங்குவது ஏறக்குறைய 1,440 வாட். பல இடங்களில் இரண்டு கார்கள் ஒரே பிரேக்கரில் இருக்கும். சீட்டுக்கு அடியில் வைக்கும் 900 வாட் கேபின் ஹீட்டரையும் சேர்த்து ஒருவர் போட்டால் பக்கத்துக் காரின் ஹீட்டரும் சேர்ந்து அணையக்கூடும். அடுக்குமாடிகள் கேபின் ஹீட்டருக்குத் தடை போடுவது இதனால்தான்.

எது கூட வேண்டும், எது வேண்டாம்

பேட்டரி போர்வை கட்டாயம் வேண்டும். பிளாக் ஹீட்டரின் வெப்பம் பேட்டரி வரை போகாது. பேட்டரியைச் சுற்றிக் கட்டும் 60 முதல் 80 வாட் போர்வை 40, 70 டாலருக்குள் கிடைக்கும். மைனஸ் 30 ஊர்களில் ஹீட்டருக்கு அடுத்து காசு போட வேண்டிய இடம் இதுதான். மூன்று வழிப் பிளக் ஒன்றால் இரண்டையும் ஒரே வயரில் இணைத்துவிடலாம். வாரக் கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிக்குப் போர்வையைவிட 1.5 ஆம்பியர் தானியங்கிச் சார்ஜர் பொருத்தம்.

ஹீட்டருக்குப் பதிலாக, தூரத்திலிருந்தே எஞ்சினை ஓடவிடும் ரிமோட் ஸ்டார்ட்டர் வாங்குவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அது கேபினைச் சூடாக்கும் வசதி, கண்ணாடிப் பனியும் இளகும். ஆனால் எஞ்சின் குளிரிலேயே ஸ்டார்ட் ஆகிறது. மேலே சொன்ன மூன்று சங்கடங்களில் ஒன்றுகூடத் தீரவில்லை. நின்றபடி ஓடும் எஞ்சின் உண்டாக்கும் வெப்பமும் குறைவு, மெதுவாக ஓட்டிப் போவதைவிட அது சூடாக அதிக நேரம் எடுக்கும். வீட்டுக் கராஜுக்குள் நிற்கும் வண்டியில், ஷட்டர் திறந்திருந்தாலும், அதை அழுத்தவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வந்துவிடும். டொரொண்டோவில் 60 நிமிடத்துக்கு 1 நிமிடம் மேல் வண்டியை நின்றபடி ஓடவிடுவதற்கு எதிராக நகர விதியே உண்டு. இரண்டையும் வைத்திருப்பவர்கள் ஹீட்டரில் சூடாக்கிவிட்டு, பிறகு ரிமோட்டை இரண்டு மூன்று நிமிடத்துக்குப் பயன்படுத்தினால் சரியாக இருக்கும். வயரை முதலில் கழற்றியிருக்க வேண்டும்.

வெபாஸ்டோ, எபர்ஸ்பேஷர் போன்ற, பெட்ரோலோ டீசலோ எரித்துக் கூலன்ட்டைச் சூடாக்கும் சிறு கொதிகலன்கள் இந்தத் துறையில் மேல்தட்டு. சாக்கெட்டே இல்லாத தெருவில் நிறுத்துபவருக்கும், சுரங்கம், எண்ணெய் வயல் வேலைக்குப் போகும் டீசல் பிக்கப்புக்கும் அவை பொருந்தும். பொருத்தி முடிக்க 1,500 டாலருக்கு மேல் ஆகும், பேட்டரியிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். சாக்கெட் இருக்கிற வீட்டுக்காரருக்கு அந்தச் செலவு தேவையில்லை. சம்ப்புக்கு அடியில் புரோப்பேன் தீவட்டி வைத்துச் சூடாக்கும் பழைய பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. இன்றைய எஞ்சினின் அடியில் பிளாஸ்டிக் கவசமும் வயர்களும் பெட்ரோல் குழாயும் இருக்கின்றன, அதைச் செய்யாதீர்கள்.

ஹீட்டர் தொடாத இடங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். கியர்பாக்ஸ் ஆயில், சக்கர பேரிங், ஷாக் அப்சார்பர், டயர் எதுவும் சூடாவதில்லை. இரவெல்லாம் ஒரே இடத்தில் நின்ற டயரின் அடிப்பகுதி தட்டையாக விறைத்து, முதல் சில நிமிடம் கட்டை வண்டி போல டக் டக் என்று அடிக்கும். இங்குள்ளவர்கள் அதைச் சதுர டயர் என்பார்கள், தானாகவே சரியாகும். ஸ்டார்ட் ஆனதும் அரை நிமிடம், கடுங்குளிரில் ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து, எல்லாக் கண்ணாடியையும் முழுக்கச் சுரண்டிவிட்டு, முதல் ஐந்து பத்து நிமிடம் எஞ்சினை நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் விரட்டாமல் ஓட்டுங்கள். டீசல் வண்டி என்றால் ஹீட்டர் இருந்தும் வழியில் நின்றுபோகலாம். டேங்கில் உள்ள டீசல் மெழுகாகி ஃபில்டரை அடைப்பதை எஞ்சின் ஹீட்டர் தடுக்காது, குளிர்கால டீசல்தான் தடுக்கும்.

யாருக்கு இது வேண்டாம்? சூடான நிலத்தடிப் பார்க்கிங் உள்ளவருக்கும், மைனஸ் 15 என்பதே அரிதாக வரும் வான்கூவர்க்காரருக்கும் காசு வீண். டொரொண்டோ, மிசிசாகா பக்கம் நல்ல பேட்டரியும் 0டபிள்யூ-20 செயற்கை ஆயிலும் இருந்தால் பெரும்பாலான குளிர்காலங்களைத் தாண்டிவிடலாம். ஒட்டாவா, சட்பரி, தண்டர் பே என்று வடக்கே போகப் போக யோசிக்கத் தொடங்குங்கள். மனிடோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டாவில் வெளியே நிறுத்துபவருக்கு யோசனையே வேண்டாம்.

வாங்கியவர்கள் அக்டோபர் மாதக் கடைசியில், பனி இறுகும் முன்பே, ஓம் அளந்து, பிளக் முனையைத் துடைத்து, ஹீட்டரின் அடியில் பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்புக் கூலன்ட் கறை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டிசம்பரில் பழுதுபார்க்கும் கராஜ்களில் இடம் கிடைக்காது. செருகும்போது வயரை ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு பிளக்குக்குக் கொண்டுபோங்கள். காலை இருட்டில் கதவைத் திறக்கும்போது அது கையில் தட்டுப்படும், வயரை இழுத்துக்கொண்டு கிளம்பிப் போக மாட்டீர்கள்.